இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு மூட்டுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆபரேஷன் செய்வது என் வேலை இல்லை. செய்துகொள்ளப் போகிறவர்களை ஒரு முறையும், செய்துகொண்டவர்களைப் பல முறையும் பார்ப்பவன் நான். டாக்டர் அறையில் கேட்கத் தயங்கியதையெல்லாம் என்னிடம் நடைபயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகள்தான் இவை.

இடுப்பு வலி என்று போனேன். முதுகுக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார்கள். ஏன்?

நம் பேச்சில் 'இடுப்பு' என்றால் வேட்டி கட்டும் இடம், கொசுவம் சொருகும் இடம். அதாவது கீழ்முதுகு. டாக்டர் சொல்லும் இடுப்பு மூட்டு அதற்கும் கீழே, ஆழத்தில் இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழலும் இடம் அது. அந்த மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் வரும். எங்கே வலி என்று கேட்டால் சிலர் கையைப் பிறை போல வளைத்து, கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் இருக்க, இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுவார்கள். அதைப் பார்த்ததும் பாதி விஷயம் எங்களுக்குப் புரிந்துவிடும்.

புட்டத்தில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை மரத்துப் போகிறது, சுரீர் என்று இழுக்கிறது என்றால் அது பெரும்பாலும் முதுகு நரம்பின் வேலை. அங்கே இடுப்பு மூட்டை மாற்றினால் வலி அப்படியே இருக்கும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஒரு அம்மா இரண்டு வருடமாக முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்தினேன். தொடை உள்பக்கம் திரும்பியதும் கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கெட்டிருந்தது இடுப்பு மூட்டு, வலித்தது முழங்கால். இரண்டுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் வரும் குழப்பம் இது.

முதுகும் கெட்டு இடுப்பு மூட்டும் கெட்டிருந்தால், மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரம் வலி மறைந்தால் குற்றவாளி மூட்டுதான்.

எக்ஸ்ரேயில் 'தேய்மானம் அதிகம்' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் கட்டாயமா?

இல்லை. எக்ஸ்ரேயை வைத்து மட்டும் யாரும் இதை முடிவு செய்யக் கூடாது. எலும்போடு எலும்பு உரசும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் இரவில் புரண்டு படுக்க முடியாமல் அழுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது வேறு கேள்விகள். கால் நகத்தை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்களா, வேறு யாராவது வெட்டிவிடுகிறார்களா? டவுன் பஸ் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள்? டூவீலரின் பின்னால் உட்காரக் காலைத் தூக்கிப் போட முடிகிறதா? இரவில் வலி எழுப்பிவிடுகிறதா? வாரத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை? கடைசியாக எந்தக் கல்யாணத்துக்கு 'கால் முடியல' என்று போகாமல் இருந்தீர்கள்?

இதையே முறைப்படுத்தி ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண். குறையக் குறைய மூட்டின் நிலைமை மோசம். ஆனால் இத்தனைக்குக் கீழே போனால் ஆபரேஷன் என்று அதில் கோடு எதுவும் கிடையாது. மாத்திரை, எடைக் குறைப்பு, பயிற்சி, கைத்தடி எல்லாவற்றையும் சில மாதங்களாவது ஒழுங்காகச் செய்து பார்த்த பிறகும் அன்றாட வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போகிறது, படத்திலும் மூட்டு கெட்டிருக்கிறது என்றால், அவர்தான் இந்த ஆபரேஷனுக்கு ஏற்றவர்.

அப்புறம், கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் என்னிடம் வரும்போது தப்பான கையில்தான் பிடித்திருப்பார்கள்.

என்னென்ன நோய்களுக்காக மூட்டை மாற்றுகிறார்கள்?

மேல்நாடுகளில் பெரும்பாலும் முதுமைத் தேய்மானம்தான் காரணம். நம் ஊரில் தேய்மானம் முழங்காலைத்தான் அதிகம் தாக்குகிறது. இடுப்பு மூட்டுக்காக வருகிறவர்களில் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவது, பழைய விபத்தில் உடைந்து சரியாகச் சேராத மூட்டு, முடக்குவாதம், முதுகெலும்பு மூங்கில் போல இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், குழந்தையிலேயே கிண்ணம் சரியாக அமையாதது, டிபி தின்ற மூட்டு என்று பட்டியல் போகும். வயதானவர்களுக்குக் குளியலறையில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிவது தனிக்கதை.

ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலி அடங்கிப்போய், மூட்டு அசையாமல் கட்டை போல ஆகிவிட்ட பிறகு அவர்களில் சிலர் வருவார்கள். வலியே இல்லையே, எதற்கு ஆபரேஷன் என்று வீட்டில் கேட்பார்கள். நாற்காலியில் உட்கார முடியாத 28 வயதுப் பையனை உட்காரவைப்பதற்குத்தான்.

எனக்கு 34 வயது. ஏவிஎன் என்கிறார்கள். இந்த வயதில் மூட்டை மாற்றலாமா?

ஏவிஎன் என்பது மேலே சொன்ன, ரத்தம் போகாமல் எலும்புத் தலை செத்துப்போகும் நோய். ஸ்டீராய்டு மருந்தும் அதிகமான குடியும் முக்கியக் காரணங்கள். பழைய முறிவு, அரிவாள் செல் ரத்தசோகை (நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் நோய்) போன்றவையும் உண்டு. கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு ஏற்றப்பட்டு உயிர் பிழைத்தவர்களில் சிலர் பிறகு இந்த வலியோடு வந்தார்கள். பலருக்குக் காரணமே தெரியாது.

இதில் முக்கியமானது கட்டம். தலை இன்னும் உருண்டையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்து, சொந்த மூட்டைக் காப்பாற்ற முயல்வார்கள். அந்த நிலையில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், எம்ஆர்ஐயில்தான் தெரியும். எடுக்கும்போது இரண்டு பக்கமும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அடிபடாமல் வந்த ஏவிஎன் பாதிப் பேருக்கு மேல் மறுபக்கத்தையும் பிடிக்கிறது. தலை நொறுங்கி அமுங்கிய பிறகு துளை போடுவதில் பலன் குறைவு. அப்போது மாற்று மூட்டுதான் நம்பகமான வழி.

'60 வயசுக்கு மேல்தான் செய்யணும்' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இன்றைய முறைக்கு வித்திட்ட ஆபரேஷனைச் செய்தபோது, உலோகத் தலை, பாலிஎத்திலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) கிண்ணம் என்று வைத்தார். கிண்ணம் தேயத் தேய உதிரும் துகள்கள் சுற்றியுள்ள எலும்பையே அரித்து, இம்பிளான்ட்டை (பொருத்திய செயற்கை மூட்டை)த் தளர்த்திவிடும். அதிகம் ஓடியாடாத முதியவர்களுக்கு அது தாங்கியது. இப்போதைய குறுக்குப்பிணைப்பு பாலிஎத்திலீனும் செராமிக்கும் தேய்வது மிகக் குறைவு.

எத்தனை வருடம் வரும்? 2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, 25 வருடம் கழித்தும் சுமார் 58 சதவீத மாற்று மூட்டுகள் மறு ஆபரேஷன் இல்லாமல் இருந்தன. அவை 25 வருடத்துக்கு முந்தைய பொருட்கள் என்பதை நினைவில் வையுங்கள். அதே இதழின் 2017 ஆய்வு வேறு மாதிரி கணக்குப் போட்டது. 70 வயதுக்கு மேல் செய்துகொள்கிறவருக்கு வாழ்நாளில் மறு ஆபரேஷன் வரும் வாய்ப்பு 5 சதவீத அளவு. 50-களின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆணுக்கு அது 35 சதவீதம் வரை. 34 வயதில் செய்துகொண்டால் இன்னொரு முறை மேசையில் படுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம்.

என் அபிப்பிராயம்: தலை நொறுங்கிவிட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, குழந்தையைத் தூக்க முடியவில்லை என்ற நிலையில் '50 வரை பொறு' என்பது சரியான யோசனை அல்ல. உழைக்க வேண்டிய இருபது வருடத்தை ஊன்றுகோலில் கழித்துவிட்டு, இம்பிளான்ட்டின் ஆயுளை மிச்சம் பிடித்து என்ன செய்வது? ஆனால் குடிதான் காரணம் என்றால், அதை விடாமல் ஆபரேஷனுக்கு வராதீர்கள்.

அப்பாவுக்கு 82. உடம்பு தாங்குமா?

வயது மட்டும் தடை இல்லை. மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி, வயது, எடை, புகைப்பழக்கம், பிற நோய்கள் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் மூட்டு மாற்று ஆலோசனைக்கு அனுப்பாமல் நிறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எப்படி என்று மயக்க மருத்துவர் பார்த்துச் சொல்வதுதான் கணக்கு. 82 வயதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரும் உண்டு, 60-இல் இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவரும் உண்டு.

விழுந்து எலும்பின் கழுத்து முறிந்திருந்தால் கதை வேறு. அங்கே 'தாங்குமா' என்று பத்து நாள் யோசிப்பதுதான் பெரிய ஆபத்து. சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்பது அதே நைஸ் அமைப்பின் வழிகாட்டல். வயசாகிவிட்டது, கட்டு போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே படுக்கவைத்தால் நெஞ்சில் சளி கட்டுகிறது, முதுகில் படுக்கைப்புண் வருகிறது, காலில் ரத்தம் உறைகிறது. மூன்று வாரம் கழித்து வந்த பாட்டியின் முதுகுப் புண்ணுக்குள் என் கைவிரல் போகும் அளவு இடம் இருந்தது. இதைச் சொல்ல விருப்பமில்லைதான், ஆனால் மறைத்துப் பயனில்லை.

இப்படி முறிந்தவர்களுக்குப் பாதி மூட்டு (தலை மட்டும்) மாற்றலாம், முழுசாகவும் மாற்றலாம். வெளியே நடந்து திரிந்த, மனத்தெளிவுள்ளவருக்கு முழு மூட்டை யோசிப்பார்கள். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குப் பாதி போதும்.

சர்க்கரை, எடை, பீடி எல்லாம் இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களா?

'இப்போது வேண்டாம்' என்பார்கள். அதை 'முடியாது' என்று எடுத்துக்கொண்டு பலர் திரும்பி வருவதே இல்லை.

சர்க்கரைக்குக் காலை ஊசி குத்திப் பார்க்கும் எண் போதாது. மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி வேண்டும். அது 7.5, 8 சதவீதத்தைத் தாண்டினால் புண் ஆறாமை, சீழ் பிடித்தல் ஆகிய ஆபத்துகள் ஏறுவதால் பல டாக்டர்கள் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 40-ஐத் தாண்டியவர்களிடமும் இதே பேச்சு. ஆனால் நடக்கவே முடியாதவரிடம் 'நடந்து எடையைக் குறை' என்று சொல்லி அனுப்புவது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். சாப்பாட்டில்தான் குறைக்க வேண்டும், அதற்கு உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பீடி, சிகரெட்டை நாலைந்து வாரம் முன்பாவது நிறுத்த வேண்டும். ரத்தசோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள்.

பல் டாக்டரிடம் போய்விட்டு வா என்கிறார்களே?

சீழ் வைத்த பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண், பித்தவெடிப்பில் கசியும் நீர், எதிலிருந்தும் கிருமி ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்காரலாம். சீழ் பிடிப்பது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். ஆனால் அந்த ஒருவருக்கு மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

யாருக்குச் செய்யவே கூடாது?

மூட்டிலோ உடம்பில் வேறெங்கோ சீழோ தொற்றோ இருக்கும்போது செய்வதில்லை. டிபி மூட்டு என்றால் பெரும்பாலும் மருந்தைச் சாப்பிட்டு, நோய் அடங்கியது உறுதியான பிறகே பேசுவார்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்குக் காத்திருப்பு உண்டு. போலியோவில் தசை சூம்பிய கால், பக்கவாதம், பார்கின்சன் இருந்தால் மூட்டு நழுவும் ஆபத்து அதிகம். அதற்கென்று தனி வகைக் கிண்ணங்கள் வந்துவிட்டன, முழுத் தடை இல்லை. படுத்த படுக்கையாகி, வலியும் இல்லாதவருக்கு மாற்றுவதில் பொருள் இல்லை.

பயிற்சி செய்தே சரிப்படுத்த முடியாதா? நீங்கள் பிசியோதானே?

எனக்கு வருமானம் தரும் பதிலைச் சொல்ல ஆசைதான். டென்மார்க்கில் 50 வயதைத் தாண்டிய, ஆபரேஷனுக்கு ஏற்றவர் என்று முடிவான 109 தேய்மான நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூட்டு மாற்று, மறு பாதிக்கு எடை தூக்கும் பயிற்சி என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண் ஆபரேஷன் பக்கம் 15.9 கூடியது, பயிற்சிப் பக்கம் 4.5. முற்றிய மூட்டில் எங்கள் கை அவ்வளவுதான்.

ஆரம்ப நிலையில் பயிற்சி நன்றாகவே உதவும். முற்றிய நிலையிலும், ஆபரேஷனுக்கு முன்பே புட்டத் தசையை வலுவாக்கிக்கொண்டு வருகிறவர் பிறகு என் வேலையைச் சுலபமாக்குகிறார்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுத் தள்ளிப்போடலாமா?

சில வாரம், சில மாதம் வலி குறையலாம். போட்ட பிறகு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் சீழ் ஆபத்து கூடுகிறது. அதனால் தேதி குறித்தாயிற்று என்றால் ஊசி வேண்டாம். எப்போது போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் சம்மணம் போட்டு உட்காரலாமா? வீட்டில் இந்தியன் டாய்லெட்தான்.

ஆபரேஷன் வேண்டுமா என்பதையே சிலருக்குத் தீர்மானிக்கும் கேள்வி இது. பின்பக்கமாகத் திறந்து செய்யும் முறையில், முதல் சில வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். பிறகு சிலர் சம்மணம் போடுகிறார்கள். அது இம்பிளான்ட் வகை, வைத்த கோணம், உங்கள் தசை எல்லாவற்றையும் பொறுத்தது, செய்த டாக்டர்தான் சொல்ல முடியும். குத்துக்காலிட்டு உட்காருவதை நான் யாருக்கும் ஊக்குவிப்பதில்லை.

நாற்று நடுகிறவர், தரையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவர், தறி நெய்கிறவர் இதை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வலி போய்த் தொழிலும் போனது என்று என்னிடம் கசந்துகொண்டவர் ஒருவர் உண்டு. யாரும் அவரிடம் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை.

இரண்டு பக்கமும் கெட்டிருக்கிறது. ஒரே நாளில் செய்யலாமா?

இளைஞர், இதயம் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றால் செய்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒன்று முடிந்து சில மாதம் கழித்து இன்னொன்று.

செலவு?

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, மூட்டு மாற்றும் அதில் வருகிறது. எந்த மருத்துவமனை, எந்த வகை இம்பிளான்ட் என்பதை அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரில் செய்வதானால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2017-இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது முழங்கால் இம்பிளான்ட்டுகளுக்கு. இடுப்பு அந்த ஆணையில் இல்லை. எனவே இம்பிளான்ட்டின் பெயர், வகை, விலையை எழுத்தில் வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லுங்கள். 2010-இல் உலோகத்தோடு உலோகம் உரசும் ஏஎஸ்ஆர் மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றபோது, தங்கள் உடம்புக்குள் இருப்பது எது என்று தெரியாதவர்கள்தான் அதிகம் அலைந்தார்கள்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

தேய்மானம் என்றால் பெரும்பாலும் அவசரம் இல்லை. மாதக்கணக்கில் யோசிக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் நொண்டினால் தசை சூம்பும், கால் குட்டையாகும், மூட்டு வளைந்தபடி இறுகும், முதுகும் சேர்ந்து கெடும். அப்போது ஆபரேஷன் வெற்றி என்றாலும் நடையில் நொண்டல் மிச்சமிருக்கும். என்னிடம் அதிக நாள் வருகிறவர்கள் அந்த மாதிரி ஆட்கள்தான்.

நான் தனியாக இருக்கிறேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதற்காக மறுப்பார்களா?

மறுக்க மாட்டார்கள், ஆனால் ஏற்பாடு கேட்பார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைத்துவிடுவோம். சில நாளில் வீடு. முதல் இரண்டு வாரமாவது கூட ஒருவர் வேண்டும், ஆறு வாரம் வரை கார், வண்டி ஓட்ட வேண்டாம். அட்மிஷனுக்கு முன்பே டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுங்கள், வாடகை வீடென்றால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போதும். கால் தடுக்கும் தரைவிரிப்புகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள்: முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தால் கட்டில் தாழ்வு, நான்கு காலுக்கும் கீழே செங்கல் வைத்து உயர்த்த வேண்டும்.